பூசணிக்குக் கட்டிய கொட்டகை

பெண்டாட்டி பேச்சைக் கேட்பதில்லை என்று சன்னாசி தீர்மானம் செய்தது கல்யாணமான மூன்றாம் நாள். மாமனார் வீட்டு விருந்தில், போதும், இன்னொரு தோசை வேண்டாம் என்று கங்கா காதோரம் சொன்னாள். அவன் நீட்டிய கையை மடக்கிக்கொண்டான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மச்சான்மார் மூன்று பேரும் சிரித்தார்கள். மூன்றாம் நாளே மாப்பிள்ளை அடங்கிட்டாரு என்று ஒருவன் சொன்னது காதில் விழுந்தது. சன்னாசி உடனே நாலு தோசை கேட்டு வாங்கித் தின்றான். சாயங்காலம் வயிறு வலித்தது. தீர்மானம் மட்டும் உறுதிப்பட்டது.

அன்றிலிருந்து அவள் கிழக்கு என்றால் இவன் மேற்கு. அவள் இன்று மழை வரும் என்றால் இவன் துணியைத் துவைத்து வெளியே காயப்போடுவான். பத்து வருஷமாக இதை அவன் ஒருநாள்கூடத் தவறாமல் செய்துவந்தான். வேலைக்குப் பெயர் கொடுக்கிற காலைப் பெரட்டுக்குக்கூட அவன் அத்தனை ஒழுங்காகப் போனதில்லை.

மற்றபடி சன்னாசி நல்லவன். குடிப்பதில்லை, கை ஓங்குவதில்லை, இரண்டு பெண்பிள்ளைகள் மேலும் உயிரை வைத்திருந்தான். அவனுடைய தீர்மானத்தால் கெட்டுப்போனது ஒன்றே ஒன்றுதான். கங்காவுக்குச் சமைக்க ஒரு குசினி இல்லை.

பத்தாங் பெர்ஜுந்தாய் டவுனுக்கு மேற்கே ஆறு மைல் தள்ளியிருந்த அந்த ரப்பர்த் தோட்டத்தில், 1951ஆம் வருஷக் கடைசியில், ஆங்காங்கே இருந்த லயங்களை, அதாவது கூலிக்காரர்களின் வரிசை வீடுகளையெல்லாம், பிரித்தார்கள். எல்லாக் குடும்பங்களையும் ஆபீஸுக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில் கொண்டுவந்து வைத்து, சுற்றி முள்கம்பி வேலி போட்டார்கள். காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி அரிசிகூடப் போய்ச் சேரக் கூடாது என்பது சர்க்கார் உத்தரவு. புது லயம் மூன்றே வாரத்தில் எழும்பியது. வீட்டுக்கு ஒரு அறை, ஒரு முன்வாசல், பின்பக்கம் கூரை ஒரு முழம் நீட்டல். குசினி பிறகு வரும் என்றார் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி செல்லையா. எப்போது என்று கேட்டதற்கு, அவசரகாலம் முடிந்ததும் என்றார். பேர்தான் அவசரகாலம். அதில் அவசரமாக நடந்த காரியம் அந்த வேலி ஒன்றுதான்.

ஆகவே கங்கா அந்த ஒரு முழக் கூரைக்குக் கீழே சமைத்தாள். வெயிலென்றால் முதுகு வெந்தது. மழையென்றால் அடுப்பு அணைந்தது. சிலாங்கூர் ஆற்றுப் பக்கம் மழை பெய்ய ஆரம்பித்தால் நேரம் காலம் பார்க்காது.

இதில் சன்னாசிக்கும் கஷ்டம் இருந்தது. பாலெடுக்க ரப்பர் மரம் வெட்டப் போகிறவர்கள் வேலிக்கு வெளியே சோறு கொண்டுபோகக் கூடாது. கேட்டில் எஸ்.சி. என்கிற ஸ்பெஷல் கான்ஸ்டபிள் உடையப்பன் ஒவ்வொருவரையும் தடவிப் பார்த்துத்தான் விடுவான். கோப்பி கொண்டுபோகலாம், அதில் சீனி இருக்கக் கூடாது. விடிந்ததிலிருந்து மத்தியானம் இரண்டு மணிவரை அந்தக் கசப்புத் தண்ணியோடு மரம் வெட்டிப் பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு, பசியில் கண் இருண்டு வீட்டுக்கு வருவான். வந்தால் கங்கா ஈர விறகை ஊதிக்கொண்டிருப்பாள். கண் இரண்டும் மிளகாய்ப்பழமாகச் சிவந்திருக்கும். சோறு அரிசியாகவே இருக்கும்.

"நாலு கம்பு நட்டு மேல ஒரு கூரை போட்டுக் கொடுங்களேன்" என்று அவள் கேட்டாள். ஒரு தடவை அல்ல, இரண்டு வருஷத்தில் இருநூறு தடவை. அவள் கேட்காமல் இருந்திருந்தால் சன்னாசியே கட்டியிருப்பான். கேட்டுவிட்டாளே, அப்புறம் எப்படிக் கட்டுவது?

போன வருஷம் மழைக்காலத்தில் அவனுக்குக் குளிர்க்காய்ச்சல் வந்து பதினெட்டு நாள் பாயோடு கிடந்தான். பின்கதவு வழியாகப் பார்த்தால் கங்கா தெரிவாள். ஒரு கையால் குடையை அடுப்புக்குப் பிடித்துக்கொண்டு மறு கையால் கஞ்சி கிண்டுவாள். அடுப்பு நனையவில்லை, அவள்தான் நனைந்தாள். எழுந்ததும் முதல் வேலையாக இவளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று மனசார நினைத்தான். பத்தொன்பதாம் நாள் எழுந்தான். அவள் கஞ்சியை நீட்டிக்கொண்டே, இனிமேலாவது ஒரு கூரை, என்று தொடங்கினாள். அதெல்லாம் முடியாது என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. பழக்கம்.

விஷயம் இப்படி இருக்கும்போதுதான் 1953இல் தோட்டத்து மேனேஜர் துரையின் மனைவி துரையம்மா ஒரு போட்டி அறிவித்தாள். வேலிக்குள்ளேயே காய்கறி போட்டுச் சனங்கள் நன்றாகச் சாப்பிட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. கார்த்திகை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டோர்த் தராசில் எல்லார் காயும் நிறுக்கப்படும். எது அதிக எடையோ அதற்குப் பரிசு ஒரு புதுச் சைக்கிள். பச்சை நிறம். அதை அப்போதே வரவழைத்து ஆபீஸ் வராந்தாவில் நிறுத்திவைத்தார்கள். சன்னாசி தினம் ஒரு தடவை போய் மணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தான். அவனுடைய வெட்டுக்காடு இரண்டு மைலுக்கு அப்பால். பால் வாளியோடு நடந்து நடந்து கால் காய்த்துப்போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை கங்காவைப் பின்னால் உட்காரவைத்துப் பத்தாங் பெர்ஜுந்தாய்க்குப் படம் பார்க்கப் போவதுபோல் அவனுக்குக் கனவே வந்துவிட்டது.

துரையம்மா சீமையிலிருந்து வரவழைத்த ராட்சசப் பூசணி விதை ஆளுக்கு இரண்டு கிடைத்தது. கூடவே ஒரு இங்கிலீஷ் காகிதம். அதைக் கிராணி செல்லையா ஆபீஸ் வாசலில் நின்று படித்து அர்த்தம் சொன்னார்.

"வளர்ற காய் மேல நேரா வெயில் படக் கூடாது. மழை படக் கூடாது. குளிர் படக் கூடாது."

"குளிரா? இங்கயா ஐயா?" என்றான் சன்னாசி.

"எழுதியிருக்கு. நான் படிக்கிறேன், நீ செய்."

காகிதத்தின் அடியில் துரை கையெழுத்துப் போட்டு ஒரு வரி சேர்த்திருந்தார். காய்க்குப் பாதுகாப்பாகக் கொட்டகை போட விரும்புகிறவர்கள் போட்டுக்கொள்ளலாம், பிரித்துப்போட்ட பழைய லயத்துத் தகரமும் பலகையும் ஸ்டோருக்குப் பின்னால் கிடக்கின்றன, எடுத்துக்கொள்ளலாம். கொட்டகை எத்தனை அடி என்று எழுதவில்லை. மனுஷனுக்குக் குசினி கட்ட அவசரகாலம் முடிய வேண்டும். பூசணிக்கு வீடு கட்ட ஒரு கையெழுத்துப் போதும்.

சன்னாசி வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் கங்காவிடம் சொன்னான். பாதிக்கு மேல் சைக்கிளைப் பற்றித்தான். அவள் அடுப்புப் புகையில் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். கொட்டகை என்று வந்த இடத்தில் துடைப்பதை நிறுத்தினாள். அந்த இடத்தை மறுபடி சொல்லச் சொன்னாள். சொன்னான். அளவு போடவில்லையா என்று கேட்டாள். இல்லை என்றான். அவள் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். புகையில் கண் கலங்கி உட்கார்ந்திருக்கிற பெண் அந்தக் கண்ணோடு யோசிக்கவும் ஆரம்பித்தால் புருஷன்மார் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும். சன்னாசி சைக்கிள் மணியை நினைத்துக்கொண்டிருந்தான்.

"விதையப் பின்கதவுகிட்டப் போட்டுறாதீங்க" என்றாள் கங்கா. "சாணி எரு நாத்தம் தாங்காது. வேலியோரமாப் போடுங்க, தூரமா."

சாயங்காலத்துக்குள் பின்கதவிலிருந்து மூன்றடியில் குழி வெட்டி, எரு போட்டு, விதை ஊன்றியாகிவிட்டது.

விதை என்னவோ சீமை விதை, வளர்ந்தது நம்ம ஊர் வேகத்தில். இலை ஒவ்வொன்றும் முறம் அகலம். ஏழெட்டுப் பிஞ்சு பிடித்தது. ஒன்றை விட்டு மற்றதைக் கிள்ள வேண்டும் என்று காகிதத்தில் இருந்தது. கதவோரம் இருக்கிற பிஞ்சு நோஞ்சான், அதைக் கிள்ளிவிடலாம் என்று கங்கா அபிப்பிராயம் சொன்னாள். சன்னாசி கதவோரப் பிஞ்சை வைத்துக்கொண்டு மற்றதைக் கிள்ளினான். மறுநாள் முதல் அரிசி கழுவிய தண்ணீரெல்லாம் அந்தக் கொடிக்கே போயிற்று. இத்தனை அக்கறை ஏது என்று அவனுக்கு ஆச்சரியம். நம்ம சைக்கிளாச்சே என்றாள் கங்கா.

முதலில் வெயில். இலையும் கொடியும் வெயிலில் கிடக்கட்டும், காய்க்கு மட்டும் நிழல் வேண்டும். கங்கா ஒரு பழைய குடையைக் கொண்டுவந்து, இதைக் குத்திவைத்தால் போதாதா, கொட்டகை எல்லாம் எதற்கு வீண் வேலை என்றாள். அந்த ஞாயிற்றுக்கிழமையே சன்னாசி நாலு கம்பு நட்டான். காய் அப்போது தேங்காயளவு. கம்புக்கும் கம்புக்கும் இடையே எட்டடி இருந்தது.

"இந்தத் தேங்காய்க்கு எட்டடியா? நாலடி போதுங்க."

"பத்தடி வேணும். ஒனக்கு என்ன தெரியும்?" என்று கம்பைப் பிடுங்கித் தள்ளி நட்டான்.

அடுத்து மழை. அத்தாப்பு ஓலை போதும், தகரம் போட்டால் வீட்டுக்குள்ளே சத்தம் தாங்காது என்று கங்கா தலையில் கைவைத்துக்கொண்டாள். தகரம் வந்தது. ஆறு தாள், ஓட்டை இல்லாததாகப் பொறுக்கி எடுத்து, லயத்துக் கூரைக்கு அடியில் செருகி, ஒரு சொட்டு உள்ளே விழாதபடி சன்னாசி அடித்தான். தரையை மேடாக்கிக் களிமண் மெழுகவும் வேண்டாம், தண்ணி போக வாய்க்கால் வெட்டவும் வேண்டாம் என்று அவள் சொன்ன நாளில் இரண்டும் நடந்தன. காய் ஈரத்தில் அழுகிவிடாமலிருக்க ஒரு பலகை மேல் வைக்கோல் பரப்பி அதை உட்கார வைத்தான். அதற்குள் அது ஒரு குடத்தளவு ஆகியிருந்தது.

சுவர் வந்தது உடையப்பனால்.

வளர்கிற பிஞ்சை விரல் நீட்டிக் காட்டக் கூடாது, காட்டினால் வெம்பி உதிர்ந்துவிடும் என்பது தோட்டத்தில் குழந்தைக்கும் தெரியும். காட்ட வேண்டுமென்றால் விரலை மடக்கி முஷ்டியால்தான் காட்டுவார்கள். உடையப்பனுக்கும் தெரியும். ஆனால் ஒருநாள் வேலியோரமாகக் காவல் சுற்றி வந்தவன், "அண்ணே, இதுதானா அந்தக் காய்?" என்று கையிலிருந்த துப்பாக்கியை நீட்டிக் காட்டிவிட்டான்.

லயமே கூடிவிட்டது. துப்பாக்கி விரலில் சேருமா, சேராதா? இரும்புதானே, தோஷமில்லை என்றார்கள் சிலர். ஆட்களை மேய்க்கிற மண்டோர் அர்ஜுனன் ஒப்பவில்லை. அவரும் போட்டியில் இருந்தார். அவர் வீட்டுப் பின்னால் ஒரு சாம்பல் பூசணி வளர்ந்துகொண்டிருந்தது.

"துப்பாக்கிய நீட்டுனப்ப விரலு எங்க இருந்துச்சு? விசையில. அப்ப விரல நீட்டுனதா, இல்லியா?"

உடையப்பன் முகம் வெளிறிவிட்டது. காட்டுக்காரர்களோடு இரண்டு தடவை சண்டை போட்டவன், ஒரு பூசணிப் பிஞ்சுக்காக வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்டான். கங்கா அவனுக்குச் சமாதானம் சொல்லி அனுப்பிவிட்டுப் புருஷனிடம் திரும்பினாள். ஊரில் ஆயிரம் பேர் ஆயிரம் விரல் நீட்டுவார்கள், அதற்காகச் சுவரா எழுப்ப முடியும், ஒரு கோணிச்சாக்கைத் தொங்கவிட்டால் ஆயிற்று என்றாள்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் சுவர் எழும்பியது. பலகை அடித்து, இடையிலே மூங்கில் கட்டி, செம்மண் பூசிய கெட்டிச் சுவர், மூன்று பக்கமும். நாலாவது பக்கம் வீட்டுப் பின்கதவு. கொடி வெளியே வெயிலுக்குப் போக அடியில் ஒரு துளை. வெளியிலிருந்து நுழைய ஒரு வாசல் வைக்கும்போதுதான் கங்கா ஒரு தப்புச் செய்தாள். கட்டடம் எழும்பி வருகிற சந்தோஷத்தில் தன்னை மறந்து, "வாசல் மட்டும் நல்லா அகலமா வைங்க" என்று நேராகச் சொல்லிவிட்டாள்.

சன்னாசி ஒன்றரை அடியில் வாசல் வைத்தான். கங்கா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

கடைசியாகக் குளிர். ஐப்பசியில் விடியற்காலை ஆற்றிலிருந்து பனிமூட்டம் ஏறி வந்தது. அதைக் குளிர் என்று சொல்ல முடியாது, ஆனால் காகிதத்தில் எழுதியிருக்கிறதே. சன்னாசி முதலில் தன் கம்பளியைக் காய்க்குப் போர்த்திவிட்டுத் தான் கைலியை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தான். மூன்றாம் நாள் தும்மினான். பக்கத்தில் கொஞ்சம் தணல் போட்டுவைத்தால் என்ன என்று அவனுக்கே தோன்றியது. யோசனை தன்னுடையது என்றுதான் இன்றுவரைக்கும் சொல்கிறான்.

"தணலா? காய் வெந்துரும்" என்றாள் கங்கா. "அப்படியே போட்டாலும் தரையில கொட்டுங்க. கல்லு கில்லு வைக்காதீங்க."

கல் வைத்தான்.

"ரெண்டு போதுமே. மூணு வச்சா அடுப்பு மாதிரி இருக்கு, நல்லால்ல."

மூன்று வைத்தான். புகை சுற்றுகிறதே என்று மேலே தகரத்துக்கும் சுவருக்கும் நடுவில் இடைவெளி விட்டான். பூசணிக்காய் என்ன இருமப்போகிறதா என்று அவள் கேட்ட பிறகு அந்த இடைவெளியை இன்னும் பெரிதாக்கினான். பூச்சிக்குத் தூவும் சாம்பலும் வேப்பிலையும் எடுத்துவைக்க ஒரு பலகை அடித்தான். விறகு நனையாமலிருக்க மூலையில் ஒரு பரண் போட்டான். பரண் மட்டும் வேண்டாம் என்று அவள் காலில் விழாத குறையாகக் கெஞ்சியிருந்தாள்.

அதன் பிறகு தணல் வீணாகப் போகிறதே என்று கங்கா அதன் மேல் ஒரு பானையை வைத்தாள். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள், சன்னாசி அதைக் கவனிக்கவேயில்லை. ஐப்பசி மழை ஊற்றித் தள்ளியது. அந்த மாதம் முழுக்க ஒருநாள்கூட அவனுக்குச் சோறு தவறவில்லை. இரண்டு மணிக்கு வந்து கையைக் கழுவினால் தட்டில் ஆவி பறந்தது. கங்காவின் கண்ணிலிருந்த சிவப்பும் போய்விட்டது. எல்லாம் பூசணி வந்த ராசி என்று அவன் லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

காயும் அதற்குத் தகுந்தாற்போல் வளர்ந்தது. தினமும் சாயங்காலம் நூல் பிடித்துச் சுற்றளவு எடுப்பான். நூலில் முடிச்சுப் போட்டுப் பார்ப்பவனுக்கு, அதே நூலை வாசலுக்கும் ஒரு தடவை பிடித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை.

போட்டிக்கு முந்தின நாள் சனிக்கிழமை. காயை ஸ்டோருக்குக் கொண்டுபோய்ப் பூட்டிவைக்க வேண்டும், மறுநாள் காலையில் நிறுவை. சன்னாசி காம்பை அறுத்தான். நாலு ஆள் கோணிச்சாக்கை விரித்துத் தூக்கினார்கள். மண்டோர் அர்ஜுனனும் பார்க்க வந்திருந்தார். அவருடைய சாம்பல் பூசணி காலையிலேயே ஸ்டோருக்குப் போய்விட்டது.

வாசல்வரை வந்தது. நின்றது. நிமிர்த்திப் பார்த்தார்கள். சாய்த்துப் பார்த்தார்கள். உருட்டிப் பார்த்தார்கள். வீட்டுப் பின்கதவும் அதே ஒடுக்கம்தான். அரை மணி நேரம் கழித்து நாலு பேரும் வேர்த்து உட்கார்ந்தார்கள். அர்ஜுனன் எட்டிப் பார்த்து, உள்ளேயே வைத்துப் பூசை போட்டுவிடு, மூலவரைத் தேரிலா ஏற்ற முடியும் என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

சன்னாசிக்கு ரோஷம் வந்துவிட்டது. கடப்பாரையை எடுத்தான். வாசலோரக் கம்பு ஒன்றுதான் அந்தப் பக்கத்துத் தகரம் அத்தனையையும் தாங்கிக்கொண்டிருந்தது. அதைப் பெயர்த்தால் காய் வெளியே வரும், கொட்டகை கீழே வரும். வரட்டும். கொட்டகை எதற்கு, காய்க்குத்தானே? காயே வெளியே வந்துவிட்டால் அப்புறம் அதற்கு என்ன வேலை?

கடப்பாரையை ஓங்கினான். ஓங்கியவன் பழக்கதோஷத்தில் கங்காவைப் பார்த்தான்.

"என்ன சொல்ற?"

கங்கா சுவரில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றாள். ஒன்றும் சொல்லவில்லை.

"இடிக்கவா, வேணாமா?"

அவள் வாய் திறக்கவில்லை. முகம் மட்டும் என்னவோ போல் இருந்தது.

சன்னாசி திணறிப்போனான். இடி என்றால் இடிக்காமல் விட்டிருப்பான். இடிக்காதே என்றால் ஒரே போடாகப் போட்டிருப்பான். ஒன்றுமே சொல்லாவிட்டால் என்ன செய்வது? பத்து வருஷத்தில் முதல் தடவையாக அவன் தன் சொந்தப் புத்தியோடு தனியாக நிற்க வேண்டியிருந்தது.

அந்தப் புத்தியோடு உள்ளே ஒரு பார்வை பார்த்தான். மூன்று கல். கல்லின் மேல் ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. பலகையில் உப்பு ஜாடியும் புளிப் பானையும் வரிசையாக இருந்தன. பரணில் காய்ந்த விறகு. மெழுகிய தரை. பாத்திரம் கழுவிய தண்ணீர் வாய்க்கால் வழியாக ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. இவ்வளவுக்கும் நடுவில், வழியில் உட்கார்ந்த விருந்தாளி போல, ஒரு பூசணிக்காய்.

குசினி. தன் கையாலேயே, நாலு மாதமாக, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் முதுகு ஒடிய, அவன் கங்காவுக்குக் குசினி கட்டியிருக்கிறான்.

கோபம் வர வேண்டிய இடம். வரவும் வந்தது. ஆனால் அது பாதி வழியில் ரச வாசனையில் சிக்கி நின்றுவிட்டது. ஐப்பசி மழையில் தட்டில் ஆவி பறந்த சோறெல்லாம் ஞாபகம் வந்தது. அதற்கு முந்தின வருஷத்துக் கஞ்சியும், குடை பிடித்த கையும், நனைந்த தலையும் ஞாபகம் வந்தன. நாலு கம்பும் ஒரு கூரையும் கேட்ட பெண். இருநூறு தடவை கேட்டும் கிடைக்காமல், கடைசியில் ஒரு காய்கறியின் பேரைச் சொல்லி வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. அதிலும் கெடுதல் என்று எதுவும் செய்யவில்லை. தின்றது எல்லாம் இவன்தானே. சன்னாசிக்கு வெட்கமாக இருந்தது, அந்த வெட்கத்துக்குள்ளே ஒரு பெரிய நன்றியும் இருந்தது. இப்படி ஒருத்தி வந்து வாய்த்ததற்குத் தான் என்ன புண்ணியம் செய்தோம் என்று அவன் உண்மையாகவே நினைத்தான்.

கடப்பாரையைச் சுவரில் சாய்த்துவைத்தான்.

"பாராங்கத்திய எடு" என்றான்.

முழுப் பூசணியைப் பெண்கள் வெட்டுவதில்லை. ஆண்தான் முதல் வெட்டுப் போட வேண்டும். கங்கா கத்தியை எடுத்துப் பிடிப்பக்கமாக நீட்டினாள். சன்னாசி நெற்றியில் கைவைத்துக் கும்பிட்டுவிட்டு, ஓங்கி ஒரு போடு போட்டான். உள்ளே பொன் மஞ்சளாக இருந்தது. வெளியே நின்ற நாலு பேரும் ஐயோ சைக்கிள் என்றார்கள். அர்ஜுனன் மட்டும் நேராக வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் துண்டுகளையெல்லாம் மூன்று கூடையில் போட்டுத் தராசுக்குக் கொண்டுபோனான். கிராணி செல்லையா நிறுத்தார். தொண்ணூற்று நாலு ராத்தல். அர்ஜுனனுடையது அறுபத்தொன்று. துரை காகிதத்தைப் பார்த்தார். காய் முழுசாக இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. துரையம்மாவுக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் எழுத்து எழுத்துத்தானே. பச்சைச் சைக்கிளை அர்ஜுனன் தள்ளிக்கொண்டு போனார். அவருக்கு ஓட்டத் தெரியாது. சன்னாசியின் துண்டுகள் அங்கேயே லயத்துக்கெல்லாம் பங்காகப் போயின. அன்று நாற்பது வீட்டில் பூசணிக் குழம்பு கொதித்தது. நாற்பது வீட்டுப் பெண்களும் வழியில் பார்த்து நல்லா இருப்பீங்க என்று சொன்னபோது, சைக்கிள் மணிச் சத்தம் அவன் காதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

வீடுவரைக்கும் கூடவே வந்தார் கிராணி. பூசணிதான் போய்விட்டதே, கொட்டகைக்கு இனி அனுமதி இல்லை, பிரித்துவிட வேண்டியதுதான் என்றார். கங்கா அவரை வெளியே அழைத்துப் போய்த் தகரத்து மேலே பார்க்கச் சொன்னாள். கொடி கூரைமேல் ஏறியிருந்தது. இலைக்கு நடுவில் எலுமிச்சையளவு ஒரு பிஞ்சு.

"அதா?" என்று கிராணி விரலை நீட்டினார்.

"ஐயா, பிஞ்சுங்க. விரல நீட்டாதீங்க."

கிராணி சட்டென்று விரலை மடக்கிக்கொண்டார். அந்தக் கையை அப்படியே பைக்குள் போட்டுக்கொண்டு, சரி, காய் இருக்கிறவரைக்கும் கொட்டகை இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. சன்னாசி குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டான். பூசணிக் குழம்பு, ரசம், கருவாடு. பிள்ளைகள் இரண்டும் தகரத்துச் சத்தத்துக்கு ஆடிக்கொண்டிருந்தன. ஒரு சொட்டும் உள்ளே விழவில்லை. இரண்டாவது தடவை சோறு வாங்கிக்கொண்டு அவன் தொண்டையைச் செருமினான். இந்தப் பேச்சு அவனுக்குப் பழக்கமில்லை.

"கங்கா. நீ எனக்கு எவ்வளவோ செஞ்சிருக்க. நான்தான் வீம்பு புடிச்சிக்கிட்டு இருந்துட்டேன்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். கண் கலங்கியது. இந்தத் தடவை புகை இல்லை.

"இனிமே சுத்தி வளைக்க வேணாம்" என்றான் சன்னாசி. "எது வேணுமோ நேரா கேளு. நீ சொன்னா சொன்னபடி செய்யறேன். பிள்ளைங்க மேல சத்தியம்."

கங்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நீங்கள் சொன்னதே போதும், எனக்கு வேறென்ன வேண்டும் என்றாள். அவனுக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள். பிறகு வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"அந்த வாசல மட்டும் கொஞ்சம் அகலமாக்கிக் கொடுங்க. குடத்தோட நுழைய முடியல."

"அது எப்படி? கம்பப் பேத்தா கூரை விழுந்துருமே."

"பேக்க வேணாங்க. உள்ள ஒரு முட்டுக் கொடுத்துட்டு, அந்தக் கம்ப ரெண்டு அடி தள்ளி நட்டாப் போதும். அரை மணி நேர வேலை."

சன்னாசி கம்பைப் பார்த்தான். தகரத்தைப் பார்த்தான். முட்டுக் கொடுக்க வேண்டிய இடத்தைப் பார்த்தான். கையில் எடுத்த சோறு கையிலேயே நின்றது.

"இத நேத்து சொல்றதுக்கென்ன? சைக்கிளும் வந்திருக்கும், கொட்டகையும் நின்னிருக்குமே."

"சொல்லத்தான் வந்தேன். எத எப்படி மாத்திச் சொல்றதுன்னு அந்த நேரத்துல எனக்கே கொழம்பிப் போச்சு. நேராத்தான் வாயில வந்துச்சு" என்றாள் கங்கா. "நேராச் சொல்லியிருந்தா செஞ்சிருப்பீங்களா?"

சன்னாசி தட்டில் மிச்சமிருந்த சோற்றை வழித்துச் சாப்பிட்டான். பிறகு கையைக் கழுவிவிட்டு, முட்டுக் கொடுக்க ஒரு கட்டை தேடப் போனான்.